காலை அகட்டி நிற்கும் சுவர்

போன வாரம் மதுரையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் படித்த கல்லூரியில் இப்போதுதான் படிப்பை முடித்து, ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறாளாம். "அக்கா, கொடைக்கானல் ரோட்டுல ஒரு ரிசார்ட் பண்றோம். திபெத் தீம். நீங்க போடி பக்கம் ஒரு மியூசியம் பண்ணினீங்களாமே, அந்த எலிவேஷன் ஃபைலை அனுப்புறீங்களா? நாளைக்கு சப்மிஷன்" என்றாள்.

"அனுப்ப மாட்டேன்" என்றேன்.

"ஏங்க்கா?"

ஏன் என்பதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. அவளுக்குத்தான் நாளைக்கு சப்மிஷன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. நான் ஓய்வு பெற்றவள். வயது முப்பத்து நான்கு. இந்த வயதில் என்ன ஓய்வு என்று கேட்கிறவர்கள் வடுகபட்டிக்கு வரட்டும். அப்பாவின் பூண்டு மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பேன். பன்னிரண்டு வருடம் கட்டடம் வரைந்தேன், போதும் என்று நானாக எழுந்து வந்தேன். பாவம், படிப்பை வீணாக்கிட்டாளே என்று இரக்கப்படுகிறவர்களுக்கு ஒரு கிலோ பூண்டு சந்தை விலைக்கே தருவேன். தள்ளுபடி கிடையாது.

தொழில் பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தொண்ணூற்றெட்டில் தேனி பஜாரில் தேவசகாயம் சாரின் அலுவலகத்தில் சேர்ந்தேன். கீழே அவர் குடும்பத்து ஜவுளிக் கடை, மேலே நாங்கள். முதல் மூன்று வருடம் கழிப்பறை டைல்ஸும் மாடிப்படியும்தான் வரைந்தேன். பிறகு கல்யாண மண்டபங்களுக்கு முகப்பு வரைந்தேன். ரோமாபுரித் தூண் வேண்டும் என்பார்கள். வரைவேன். தூண் உச்சியில் தாமரை வேண்டும் என்பார்கள். அதையும் வரைவேன்.

வரைந்ததை நகல் எடுக்க ஓர் அமோனியா பிரிண்ட் மெஷின் இருந்தது. டிரேசிங் தாளையும் மஞ்சள் பூச்சுத் தாளையும் சேர்த்து உருளைக்குள் விட்டால், மறுபக்கம் கண்ணில் நீர் வரவைக்கும் நெடியோடு நகல் வெளியே வரும். உருளை ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. அதனால் தாளைக் கொஞ்சம் கோணலாக இழுக்கும், நேர்க்கோடு சாய்ந்து விழும். "பிரிண்ட்டு இழுத்துருச்சு" என்று சொல்லிவிட்டு அப்படியே சைட்டுக்கு அனுப்புவோம். கொத்தனார்கள் பழகியிருந்தார்கள். தாளில் சுவர் எப்படிச் சாய்ந்திருந்தாலும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நேராகக் கட்டிவிடுவார்கள். தேனி மாவட்டத்தில் பாதி வீடுகள் எங்கள் மெஷினை மீறித்தான் நேராக நிற்கின்றன.

சார் நல்ல மனிதர். கிளையன்டிடம் அவர் "முடியாது" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "பாப்பம்" என்பார், அவ்வளவுதான். எலிவேஷன், அதாவது முகப்புப் படம், முடிந்ததும் அதை ரோட்டைப் பார்த்த ஜன்னல் கண்ணாடியில் ஒட்டச் சொல்வார். படியிறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அண்ணாந்து பார்ப்பார். ஒரு டீ முடியும் வரைக்கும் பார்ப்பார். "ரோட்டுல போறவன்தாம்மா எலிவேஷனைப் பாக்குறான். நீ மேசையில குனிஞ்சு பாத்தா என்ன தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே மேலே வந்து, காதிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்துப் பிடிக்காத இடத்தில் ஒரு சுழி போடுவார். இரண்டு எலிவேஷன் வரையச் சொல்வார். ஒன்று கிளையன்டுக்குப் பிடிக்க, இன்னொன்று எனக்குப் பிடிக்க. கடைசியில் இரண்டையும் கலந்த மூன்றாவது ஒன்றுதான் கட்டப்படும். அந்த மூன்றாவதுக்குள் தேனியே அடங்கும்.

இரண்டாயிரத்து மூன்று கடைசியில் தங்கவேல் அண்ணன் வந்தார். போடியில் ஏலக்காய் வியாபாரி. சட்டையில் ஏலக்காய் மணந்தது. சுருட்டி வைத்திருந்த காலண்டரை மேசை மேல் விரித்தார். எந்த நாட்டு அரண்மனையோ தெரியவில்லை. ஐந்து அடுக்குக் கூரை, ஒவ்வொரு அடுக்கின் முனையும் மீசை மாதிரி மேலே முறுக்கியிருந்தது, முறுக்குக்கு முறுக்கு ஒரு டிராகன்.

"இந்தா, இது மாதிரி வேணும். திபெத்து மியூசியம்."

அவருக்குப் பின்னால் சுங்குடிச் சேலை கட்டிய ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். அகன்ற கன்னம், அறுபதை ஒட்டிய வயது.

"இவுக எங்க மதினி. திபெத்துக்காரவுக. எங்கண்ணன் இமாச்சலத்தில மலை ரோடு போடுற வேலையில இருந்தாக. அங்கன கல்லு உடைச்சுக்கிட்டிருந்தவுகளைக் கட்டிக்கிட்டு ஊருக்கு வந்துட்டாக" என்றார்.

"உடைச்சேன். நல்லாவே உடைச்சேன்" என்றார் அந்த அம்மா, சுத்தமான போடித் தமிழில்.

பெயர் பேமா. கல்யாணமாகி வந்ததும் மாமியார் வீட்டில் பிரேமா ஆக்கிவிட்டார்கள். ரேஷன் கார்டிலும் பிரேமாதான். ஊருக்குள் "நேபாளத்தம்மா". எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் சிரித்த முகத்தோடு திரும்புவார். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் இரண்டு அறை முழுக்கச் சாமான்கள். திபெத்தை விட்டு வரும்போது அவருடைய அம்மா சுமந்து வந்தவை கொஞ்சம்: வெண்ணெய்த் தேநீர் கடையும் நீளமான மரக்குழாய், பார்லி வறுக்கும் சட்டி, இடுப்புக்கு முன்னால் கட்டும் வண்ணக் கோடு போட்ட கம்பளித் துணி. ரோடு முகாமில் பசிக்காக மற்றவர்கள் விற்றதை அவர் கணவர் வாங்கிச் சேர்த்தது இன்னும் அதிகம். கார்த்திகை பிறந்தால் தேனியில் ஸ்வெட்டர் கடை போடும் திபெத்துக்காரர்கள் வருடா வருடம் எதையாவது கொண்டுவந்து இவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். "எலி கடிக்குது ஆத்தா. குதிரைச் சேணம் ஒண்ணைப் பாதி தின்னுருச்சு" என்றார். அடிவாரத்தில் கணவரின் பங்கு நிலம் இருந்தது. கட்டும் செலவு கொழுந்தன் தங்கவேலுடையது.

"ஐயப்ப சீசன்ல எம்புட்டு வண்டி போகுது. தேக்கடி போறவனும் இங்கன திரும்பணும். கூரையப் பாத்தே திரும்பணும். எங்கண்ணன் பேரு வெளங்கணும்" என்றார் தங்கவேல்.

"பாப்பம்" என்றார் சார்.

நான் அந்த அம்மாவிடம் கேட்டேன்: "உங்க வீடு எப்படிம்மா இருந்துச்சு?"

அவர் கொழுந்தனைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மொட்டை மாடிதான். நம்ம வீடு மாதிரி. மேல விறகு அடுக்கியிருப்பாக. சன்னலைச் சுத்திக் கறுப்புப் பட்டை அடிச்சிருக்கும், கீழ அகலமா, மேல குறுகலா. வாசல் குட்டையா இருக்கும், குனிஞ்சுதான் போகணும். சுவரு..." எழுந்து நின்று காலை அகட்டிக் காட்டினார். "இப்படி. மூட்டை தூக்குறவன் நிப்பான் பாரு, அப்படிக் காலை அகட்டி நிக்கும். கீழ தடிமனா, மேல போகப்போக ஒடுங்கி."

"டிராகன்?" என்றார் தங்கவேல்.

"இடி இடிச்சா டிராகன் கத்துதும்பாக தம்பி. தங்கக் கூரை, டிராகன் எல்லாம் பெரிய கோயில்ல இருக்கும். எங்களது வீடு."

"அப்ப உங்களுக்கு எது வேணும் மதினி?"

"உங்க இஷ்டம் தம்பி."

அந்த "உங்க இஷ்டம்" என்னைச் சுட்டது. கடைத்தெருவில், கல்யாண வீட்டில், ரேஷன் கடை வரிசையில், எங்கே போனாலும் அந்த அம்மா அதைச் சொல்லித்தான் முப்பது வருடம் ஓட்டியிருக்கிறார் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

அடுத்த மூன்று மாதம் நான் தூங்கியதே குறைவு. பிரவுசிங் சென்டரில் படங்கள் கோடு கோடாக இறங்கும் வரை காத்திருந்தேன். மதுரை நூலகத்தில் கிடைத்த ஒரே ஒரு தடிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக நகலெடுத்தேன். ஞாயிறானால் பேமா அம்மா வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு சாமானையும் அளந்தேன். எந்தச் சாமான் வீட்டின் எந்த இடத்தில் இருந்ததென்று அவர் சொல்லச் சொல்ல, தனித்தனி அறைகளாக யோசித்திருந்த மியூசியம் ஒரு வீடாக மாறியது. தரையில் அடுப்பு, அடுப்பைச் சுற்றிப் பெட்டிகள், ஏணி ஏறினால் சாமி அறை. பார்க்க வருகிறவர்கள் அந்த அறையை வலமாகச் சுற்ற வேண்டும். "நம்ம ஊரு கோயிலும் அப்படித்தானே ஆத்தா, இதுக்கு யாருக்கும் சொல்லிக்குடுக்க வேண்டாம்" என்றார் பேமா அம்மா.

நிலத்தை என்ன செய்வது என்பதில்தான் முதல் சண்டை வந்தது. தங்கவேல் புல்தரை கேட்டார், நீரூற்று கேட்டார். சுண்ணாம்பில் ஒரு பனிமலையும் கேட்டார், மேலே வெள்ளை பெயின்ட் அடித்து. நான் தாளில் ஒன்றும் போடாமல் விட்டேன். பாறையும் சரளையும் நடுவே ஒரு நடைபாதையும், அவ்வளவுதான். போடி மலையிலிருந்து ஆடியில் இறங்குகிற காற்றுக்கு எதிரே ஒரு மரம்கூட வைக்கவில்லை.

"நாலு ஏக்கரைச் சும்மா போடுறதுக்கு எதுக்கு பாப்பா டிசைனு?" என்றார் தங்கவேல்.

"அவங்க ஊர் வெட்ட வெளிண்ணே. காத்தும் கல்லும்தான். நம்ம பள்ளத்தாக்கில அவங்க ஊர் மாதிரி இருக்கிறது இந்தக் காத்து ஒண்ணுதான். அதுக்கு முன்னாடி நீரூற்று வச்சா, பூரா வேட்டியிலதான் தெறிக்கும்."

மேசைக்கு அடியில் சார் என் காலை மிதித்தார்.

எலிவேஷன் இரண்டு வரையச் சொன்னபோது ஒன்றுதான் வரைந்தேன். ஜன்னலில் ஒட்டினேன். சார் டீக்கடைக்குப் போனார். ஒரு டீ முடிந்தது, இரண்டாவது வாங்கினார். மேலே வந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார், காதிலேயே திருப்பி வைத்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா உன் டிராயிங்ல கோவம் தெரியுது. கிளையன்டுக்கு அது ஆகாது."

"டிராகன் வைக்கிறதா இருந்தா வேற ஆள வச்சு வரைஞ்சுக்கோங்க சார்."

இதை நான் தங்கவேல் அண்ணன் முன்னாலும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "பாப்பாவுக்கு மூக்கு மேல கோவம். சரி, கட்டுங்க. கட்டி முடிச்சுப் பாத்து, ஆளுக எவனும் திரும்பிப் பாக்கலைன்னா மேல கூரையத் தூக்கி வச்சிருவேன். அப்ப நீ குறுக்க நிக்கக் கூடாது." ஒத்துக்கொண்டேன். வீடு பேமா அம்மாவின் வீடாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் டிராகன் ஏறிவிடும். பந்தயம் அதுதான்.

கருங்கல் சுவர். அடியில் இரண்டரை அடி அகலம், உச்சியில் ஒன்றரை அடி. உள்முகம் நேர், வெளிமுகம் அடிக்கு ஓர் அங்குலம் உள்ளே சாய வேண்டும். கருப்பையா கொத்தனார் போடி வட்டாரத்திலேயே பேர் போனவர். தன் ரசமட்டத்தை யாரையும் தொட விடமாட்டார். அவரிடம் பிரிண்டைக் கொடுத்து, அஸ்திவாரம் முடியும் வரை தினமும் போய்வந்தேன். அதன் பிறகு கம்பத்தில் ஒரு மண்டபத்தின் கான்கிரீட் வேலைக்குச் சார் என்னை அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்தபோது சுவர் ஜன்னல் உயரத்துக்கு எழும்பியிருந்தது. அப்படி ஒரு நேர்த்தியான சுவரை நான் பார்த்ததில்லை. கல்லோடு கல் கோத்து, இணைப்பு முடிபோல மெலிந்து இருந்தது. தூக்குக்குண்டை வைத்துப் பார்த்தால் நூல் பிசகாத நேர். உள்ளேயும் நேர், வெளியேயும் நேர்.

"கொத்தனாரே, சாய்வு எங்க?"

"எந்தச் சாய்வு?"

"பிரிண்ட்ல சுவர் சாஞ்சிருந்துச்சே!"

அவர் முகம் மலர்ந்தது. "ஆமா பாப்பா! பூராவும் இழுத்துருச்சு உங்க மெஷினு. என் சர்வீஸ்ல இம்புட்டு மோசமா இழுத்து நான் பாத்ததில்ல. வேற கொத்தனாரா இருந்தா அப்படியே கட்டி உங்க மானத்தை வாங்கியிருப்பான். நான் சரிபண்ணிட்டேன்."

"இந்தப் பக்கச் சுவர் வலது பக்கமா சாஞ்சிருக்கு, அந்தப் பக்கச் சுவர் இடது பக்கமா சாஞ்சிருக்கு. மெஷின் எப்படி ரெண்டு பக்கமும் எதிரெதிரா இழுக்கும்?"

"ரெண்டு தடவை உள்ள விட்டிருப்பீகன்னு நெனச்சேன்."

"கீழ ரெண்டரை அடி, மேல ஒண்ணரை அடின்னு எழுதியே இருந்தேனே!"

"அதான் எனக்கும் கொழப்பமா இருந்துச்சு. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கி ரெண்டடியாப் போட்டுட்டேன்."

கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் யாரைப் பார்த்து? எங்கள் மெஷினின் கோணலை இத்தனை வருடம் பொறுத்துத் திருத்தி வந்த கை அது. நாங்கள்தான் அவரை அப்படிப் பழக்கினோம். பையிலிருந்த தூக்குக்குண்டை எடுத்து மறுபடி மறுபடி தொங்கவிட்டுப் பார்த்தேன். சுவர் கொஞ்சமாவது என் பக்கம் சாயாதா என்று.

மறுநாள் எல்லோரும் சைட்டில் கூடினோம். தங்கவேல் சுவரைத் தட்டிப் பார்த்தார். "கும்முனு நிக்குது. இதுல என்ன குறை? அப்படியே போங்க. மேல கூரை வச்சா எடுப்பா இருக்கும்." கூரைப் பேச்சு திரும்ப வந்துவிட்டது. நேர் சுவர் என்றால் அது போடியில் உள்ள எந்த வீடும்தான். அதைத் திபெத்து என்று நம்பவைக்க டிராகன் ஏறித்தான் ஆக வேண்டும். சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பூச்சுல சரிபண்ணிரலாம்மா. அடியில சிமென்ட்டைத் தடிமனாக் கொடுத்து மேல ஒடுக்கிட்டா சாஞ்ச மாதிரி தெரியும். ரோட்டுல போறவனுக்கு எது தெரியப் போகுது?"

"பொய்ச் சுவர் சார் அது. ரெண்டு மழையில பொருக்கு விட்டு உதிரும்."

என்னிடம் வேறு யோசனை இருந்தது. இரவெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டது. அஸ்திவாரம் நான் வரைந்த அகலத்துக்கே இருந்ததால் வெளிப்பக்கம் விளிம்பு மிச்சமிருந்தது. இருக்கிற சுவரை உள்ளே வைத்து, இடையிடையே நீளக் கற்களைச் சொருகிப் பிணைத்து, வெளியே இன்னொரு கல் போர்வையைச் சாய்வாகக் கட்டலாம். சிமென்ட் வேஷம் இல்லை, எல்லாம் கல். இடிக்கவும் வேண்டாம், கருப்பையா கொத்தனார் மனமும் நோகாது, தங்கவேல் அண்ணனுக்குச் செலவும் குறையும். எல்லோருக்கும் சரியாக வருகிற வழி. படத்தைச் சுவர் மேல் விரித்து விளக்கினேன். சார்கூடத் தலையாட்டினார்.

பேமா அம்மா சுவரோடு சேர்ந்தபடி உள்ளே ஒரு சுற்று வந்தார், பிறகு வெளியே ஒரு சுற்று. என்னிடம் வந்தார்.

"அப்ப உள்ள இந்தச் சுவரு அப்படியே இருக்குமா ஆத்தா?"

"இருக்கும்மா. வெளிய தெரியாது."

"உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு."

"பலமா இருக்கும்மா. நான் பாத்துக்கிறேன்."

"பலமாத்தான் இருக்கும். நானும் பலமாத்தான் இருந்தேன்." சேலையைத் தொட்டுக் காட்டினார். "உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. இம்புட்டு நாளும் நான் இப்படித்தான் நின்னிருக்கேன்." கொழுந்தனைப் பார்த்தார். "கட்டிக்கிட்டு வந்த வீட்டுல குறை சொல்லல. உங்கண்ணன் நல்லவுக, அத்தை நல்லவுக, நீங்களும் நல்லவுகதான் தம்பி. பேரை மாத்துனீக, சரின்னேன். சோத்தை மாத்துனீக, சரின்னேன். எல்லாத்துக்கும் சரின்னேன். இந்த வீட்டையாவது ஒண்ணாக் கட்டுங்க. இடிங்க."

"மதினி, எம்புட்டு வேலை..." என்று ஆரம்பித்தார் தங்கவேல்.

"இடிங்கன்னேன்."

கருப்பையா கொத்தனார் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டார். "என் கையால கட்டுன சுவர இதுவரைக்கும் ஒருத்தரும் இடிக்கச் சொன்னதில்லம்மா."

பேமா அம்மா அவர் பக்கம் திரும்பினார். "நல்ல சுவரு கொத்தனாரே. இதவிட நல்ல சுவரு நான் பாத்ததில்ல. உங்க வீட்டுக்குக் கட்டிக்கங்க. இங்கன வேண்டாம்." சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினார். ஈரம் முழுக்கக் காயாத மேல் வரிசையில் ஒரு கல்லை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தார். மலை ரோட்டில் கல் உடைத்த கை. கல் பெயர்ந்து வந்தது. தூக்கித் தரையில் போட்டார். அடுத்ததைப் பிடித்தார்.

மூன்றாவது கல்லைப் பிடித்தபோது நானும் போய்ப் பிடித்தேன். என் படம் சுவர் மேலேயே கிடந்தது, காற்றில் பறந்து போனது. எடுக்கப் போகவில்லை. எல்லோருக்கும் சரியாக வருகிற வழியைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமைப்பட்டிருந்தேன் அல்லவா? அந்த எல்லோரிலும் அந்த அம்மா ஒருத்தர் மட்டும் இல்லாமல் போயிருந்தார்.

சார் என்னை ஜீப் பக்கம் கூப்பிட்டார். முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது. "ஒரு கிளையன்ட் சொன்னான்னு சுவரை இடிச்சா நாளைக்குப் பஜார்ல அத்தனை பேரும் இடிக்கச் சொல்வான். எங்க ஆபீஸ் பேருல இது நடக்காது. நீ இந்த சைட்டை விட்டுக் கெளம்பு."

"சைட்டை விட மாட்டேன் சார். ஆபீஸை வேணும்னா விடுறேன்."

"யோசிச்சுப் பேசு."

"யோசிச்சாச்சு சார்."

அவர் ஜீப்பில் ஏறினார். "முடியாதுன்னு எப்பத்தாம்மா சொல்லக் கத்துக்கிட்ட? என்கிட்ட கத்துக்கிட்டிருக்க மாட்ட" என்றார். அதில் கோபம் பாதிதான் இருந்தது. ஜீப் போய்விட்டது. ராஜினாமா என்று நான் எழுதிக் கொடுத்ததில்லை, அவரும் கேட்டதில்லை. தங்கவேல் அண்ணன் மதினி பேச்சைத் தட்டாமல், மீதி வேலையை என் பொறுப்பிலேயே விட்டார்.

இனி வேலையைச் சொல்கிறேன், ஏனென்றால் போனில் கேட்ட பெண்ணுக்கு உண்மையில் உபயோகமானது இதுதான். சாய்வான சுவரைத் தூக்குக்குண்டை வைத்துத்தான் கட்டினோம். ஆள் உயரப் பலகை ஒன்றை எடுத்து, ஒரு ஓரத்தை நேராக வைத்து, மறு ஓரத்தை அடிக்கு ஓர் அங்குலம் கணக்கில் சாய்த்து அறுத்தோம். மேலே அகலம், கீழே குறுகல். சாய்ந்த ஓரம் சுவரின் வெளிமுகத்தைத் தொட வேண்டும். நேர் ஓரத்தை ஒட்டித் தூக்குக்குண்டு தொங்க வேண்டும். நூல் நேர் ஓரத்தோடு ஒட்டி நின்றால் சுவர் வேண்டிய சாய்வில் ஏறுகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு வரிசைக் கல்லுக்கும் பலகையை வைத்துப் பார்க்க வேண்டும். மூலைக்கல் இரண்டு பக்கமும் சாய வேண்டும், அதனால் மூலைக்கு இரண்டு பலகை. கல் உட்காரும் படுகையைக் கொஞ்சம் உள்நோக்கிச் சரித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கல் வெளியே வழுக்கப் பார்க்கும்.

முதல் இரண்டு நாள் கருப்பையா கொத்தனார் பலகையைத் தொடவே இல்லை. "கோணச் சுவருக்கு என் கையைக் கேக்குறீகளே" என்று தள்ளி உட்கார்ந்து வெற்றிலை போட்டார். மூன்றாம் நாள் அவருடைய ஆள் வைத்த மூலைக்கல்லைப் பார்த்துவிட்டுப் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார். "ஏலே, சாய்க்கிறதுன்னு ஆயிப்போச்சு, அதை ஒழுங்காச் சாய்க்க வேண்டாமா?" பிறகு பலகை அவர் கையைவிட்டு இறங்கவே இல்லை. ரசமட்டம்போலவே அதையும் ஒருவரையும் தொட விடவில்லை.

நேர் சுவருக்குப் பழகிய தங்கவேல் தினமும் வந்து தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்ப்பார். சுவர் ஆளுயரம் தாண்டி, கறுப்புப் பட்டை ஜன்னல்கள் வந்து, மேலே ஒடுங்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள் தலையைச் சாய்க்காமலேயே பார்த்தார். "பாப்பா, இது மலையில இருந்து எறங்கி வந்து உக்காந்த மாதிரியில்ல இருக்கு" என்றார். நான் அடுத்த கல்லைப் பார்க்கப் போய்விட்டேன். நின்று பேசினால் கூரைப் பேச்சை எடுத்துவிடுவாரோ என்று பயம்.

இரண்டாயிரத்து ஆறு கார்த்திகையில் திறந்தோம். தேனியில் ஸ்வெட்டர் கடை போட்டிருந்தவர்கள் அன்று ஒரு நாள் கடையை மூடிவிட்டு வந்தார்கள். மொட்டை மாடியில் ஐந்து நிறத்தில் கொடிகளைக் கட்டினார்கள். அவர்களில் ஒரு கிழவர் வாசலில் குனிந்து நுழைந்து, அடுப்பு இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, சுவரில் முதுகை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. சாய்ந்து உட்கார அந்தச் சுவர் வாகாக இருந்தது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகு என்னைத் தேடி வந்தவர்கள் எல்லோரும் "அந்த மாதிரி ஒண்ணு" கேட்டார்கள். சாய்வுச் சுவரில் ஒரு பிரியாணிக் கடை. சாய்வுச் சுவரில் ஒரு பெட்ரோல் பங்க். ராஜஸ்தான் தீமில் ஒரு மண்டபம், உள்ளே ஒரு மூலை மட்டும் திபெத். யார் வீடு, யார் உள்ளே இருக்கப்போகிறார்கள் என்று கேட்பேன். "அதெல்லாம் எதுக்கு, எலிவேஷன் மட்டும் போதும்" என்பார்கள். முடியாது என்பேன். நாலு வருடம் முடியாது முடியாது என்றே சொல்லி, இடையில் நாலு நல்ல வீடுகளையும் கட்டி, இந்த வருடம் பேனாவை மூடிவிட்டேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எலிவேஷன் ஃபைல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. யாருக்கும் அனுப்புவதாக இல்லை. நீயும் போய் உன் கிளையன்டிடம் கேள் பெண்ணே, அது யார் வீடு என்று. பதில் இருந்தால் எனக்குப் போன் செய். மதுரைக்கே வந்து பலகை அறுத்துத் தருகிறேன்.

சித்திரையில் பேமா அம்மாவைப் பார்க்க மியூசியத்துக்குப் போயிருந்தேன். தேக்கடிப் பக்கம் ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவர் தங்கவேல் அண்ணனோடு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். மியூசியத்தை நடத்த எடுத்துக்கொள்ளத் தயாராம். ரோட்டோரம் ஒரு பெரிய வளைவு வைத்து, அதன்மேல் அடுக்குக் கூரையும் இரண்டு டிராகனும் வைத்தால் கூட்டம் அள்ளுமாம். எல்லாச் செலவும் அவருடையதாம்.

தங்கவேல் அண்ணன் என்னைப் பார்த்தார். பழைய ஒப்பந்தப்படி நான் குறுக்கே நிற்க முடியாது.

"வளைவா?" என்றார் அவர். "ஏங்க, உங்க வீட்டம்மா பொறந்த வீடு எங்க இருக்கு?"

"ஆண்டிபட்டி. ஏன் கேக்குறீக?"

"அங்கன போயி வாசல்ல ரெண்டு டிராகன் வச்சுட்டு வாங்க பாப்பம். உங்க மச்சினங்க என்ன செய்யுறாகன்னு பாப்போம். இது எங்க மதினி பொறந்த வீடுங்க. கெளம்புங்க."